பழனிச்சாமி யாருங்க? முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்கிற வேலை

நான் நர்சாக இருக்கிற முதியோர் இல்லத்தில் ஒரு காலத்தில் மூன்று பழனிச்சாமி இருந்தார்கள். கொங்கு நாட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. எழுபது எண்பது வருசத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் பிறந்த ஆம்பிளைகளைக் கணக்கெடுத்து, பழனிச்சாமி, ராமசாமி, கந்தசாமி, நாச்சிமுத்து என்று நாலு பெயரை எடுத்துவிட்டால் மீதி எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூவரில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பிரஷர் மட்டும், இன்னொருவருக்கு நடுக்குவாதம். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும், கரண்ட் இல்லை. முதல் இரண்டு பேரும் வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ட்ரேயோடு போய், "பழனிச்சாமி அப்பாருங்களா?" என்று கேட்டேன். "ஆமாங் அம்மிணி" என்று ஒருவர் கையை நீட்டினார். கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், அடுத்த அறைக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து மற்றவர் மெதுவாக நடந்து வந்து, "எனக்கு இன்னைக்கு மாத்திரை இல்லீங்களா?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

கொடுத்தது சர்க்கரையை இறக்குகிற கிளிமிபிரைடு 2 மி.கி. வாங்கிச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னபடி உடனே சாப்பிட வைத்து, ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோரு மணிக்குச் சர்க்கரை 62. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி குத்தினால் 94. அப்புறம் திரும்ப இறங்கியது, திரும்பக் கொடுத்தோம். விடியும் வரை இதேதான். காலையில் அவர் மகனுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டினார், திட்டத்தானே செய்வார். இன்றைக்கு அதே நடந்தால் இல்லத்தில் வைத்துப் பார்க்கவே மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யக்கூடியது.

நான் அன்றைக்கு அலட்சியமாக இருந்தேனா என்றால், இல்லை. பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். கேட்ட விதம்தான் தப்பு. கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டால் காது மந்தமானவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், ஞாபகம் தடுமாறுபவர், மரியாதைக்கு ஆமாம் போடுபவர் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போதாக்குறைக்கு அவர் பெயரும் நிஜமாகவே பழனிச்சாமி! இப்போது "உங்க பேருங்க? எந்த ஊருங்க?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வந்த பிறகு, மாத்திரைப் பெட்டியில் ஒட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். பெட்டியின் மேல் காங்கயத்துப் பழனிச்சாமி, தாராபுரத்துப் பழனிச்சாமி, தோட்டத்துப் பழனிச்சாமி என்று எழுதியாயிற்று. புதிதாக வந்த கேர்டேக்கர் பெண் ஒருத்தி தினம் மூன்று வேளையும் இப்படிக் கேட்டுக் கேட்டு, காங்கயத்துக்காரர் ஒரு நாள், "இன்னைக்கும் பழனிச்சாமி தானுங் கண்ணு, ராத்திரியில ஒண்ணும் மாத்திக்கலை" என்றார். கேலி செய்யட்டும், அதனால் என்ன.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று இந்தப் பக்கம் முழுக்க முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். இல்லத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பல இடங்களில் நர்சிங் படித்தவர்கள் இல்லை, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்களுக்கும், அப்பா அம்மாவை இல்லத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் அடிப்படை விசயம் தெரிந்திருந்தால் நல்லது.

நர்சிங் படிக்கிற எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே ஐந்து "சரி" சொல்லிக்கொடுப்பார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாயிலா, நாக்குக்கு அடியிலா, ஊசியிலா), சரியான நேரம். இப்போது இதோடு சரியாக எழுதி வைப்பது, எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருப்பது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருக்கிற உரிமை என்று எட்டு, பத்து என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். ஐந்தையே உருப்படியாகச் செய்தால் போதும் என்பது என் கட்சி. ஏனென்றால் ஒவ்வொன்றும் கேட்கிறபோது சின்னப்பிள்ளை விசயம் மாதிரித்தான் இருக்கும், செய்கிறபோதுதான் சிக்கல் தெரியும். இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 முதியவர்களை எடுத்துக்கொண்டு செய்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மருந்துத் தவறு நடந்திருந்தது. அங்கே இருந்தவர்கள் ஆளுக்குச் சராசரியாக எட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான தவறுகள் பெரிய ஆபத்தில் முடிகிறவை இல்லை, சரி. ஆனால் எது பெரிதாகப் போகும் என்று கொடுக்கிறபோது நமக்கு முன்கூட்டித் தெரியாதே.

மஞ்சப்பையைக் கொட்டிப் பார்ப்பது

இல்லத்துக்கு ஒருவர் வந்து சேருகிற நாள்தான் முக்கியமான நாள். கையில் ஒரு மஞ்சப்பையோ ஜவுளிக்கடைப் பையோ இருக்கும். உள்ளே பாதி வெட்டிய அட்டைகள், பெயர் தெரியாத நாலு மாத்திரை சுற்றிய காகிதம், போன வருசத்து இருமல் மருந்து, தைலம், ஒரு டப்பா லேகியம். அதை அப்படியே வாங்கி அலமாரியில் வைக்கக்கூடாது. மேசை மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டு, எது ஓடுகிறது, எது நிறுத்தியாயிற்று, எது இரண்டு தடவை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இரண்டு தடவை இருப்பதுதான் அடிக்கடி மாட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல விசயம். அந்தப் பிரஷர் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர் இருக்கும். அதே ஆள் கோவையில் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பார், அங்கே எழுதிக் கொடுத்தது ஒரு கம்பெனிப் பெயர், அதற்குள் இருப்பதும் அம்லோடிபின்தான். அவர் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஒன்று கவர்மெண்டு மாத்திரை, ஒன்று ஆஸ்பத்திரி மாத்திரை என்று. கால் வீங்கும், எழுந்தால் கிறுகிறுக்கும், ஒரு நாள் குளியலறையில் விழுவார். விழுந்த பிறகுதான் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அட்டையில் பெரிதாக இருக்கிற கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுதான் மருந்தின் பெயர், அதைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்தாலும் தகும். பாராசிட்டமாலும் இப்படித்தான். டோலோ ஒரு பக்கம், சளிக்கு என்று வாங்கிய கலவை மாத்திரைக்குள்ளும் அதுவே, மேல்வலிக்குக் கொடுத்த இன்னொன்றிலும் அதுவே இருக்கும். ஈரலுக்குத்தான் கேடு.

நாட்டு மருந்தையும் கேட்டு எழுத வேண்டும். "அது மருந்தில்லீங், சும்மா பொடி" என்பார்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். நீர் பிரிய மாத்திரையோ, இதயத்துக்குக் கொடுக்கிற டிஜாக்சினோ சாப்பிடுகிறவருக்கு அது இதயத் துடிப்பையே கோளாறு செய்துவிடும். சர்க்கரைக்கு என்று விற்கிற பொடியை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். திட்டுவதற்காக இல்லை, டாக்டருக்குத் தெரிவதற்காகத்தான் கேட்கிறோம் என்று சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் அட்டையை வெட்டுகிற பழக்கம். மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஆறு வெட்டிக் கொடுப்பார்கள், காலாவதி தேதி இருக்கிற முனை கடையிலேயே நின்றுவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். தேதி இருக்கிற முனையைக் கடைசியாகப் பிரியுங்கள்.

புள்ளியும் எழுத்தும்

சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. இது எல்லாருக்கும் தெரியும். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். யாருக்கு எந்த மாத்திரை எப்போது என்று எழுதி வைக்கிற சார்ட்டில் ஏற்றும்போது இந்தச் சுருக்கெழுத்தை விட்டுவிட்டு "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று தமிழில் முழுசாக எழுதிவிடுவது எங்கள் வழக்கம். அரை மில்லிகிராமை வெறும் புள்ளி போட்டு .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், பத்து மடங்கு. அதனால் 0.5. அதே மாதிரி 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும், அதனால் வெறும் 5.

போனில் டாக்டர் சொன்னால் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். "பிஃப்டீன்" என்று அவர் சொன்னது கரகரப்பில் "பிஃப்டி" என்று கேட்கும். "ஒன்னு, அஞ்சு, பதினைஞ்சுங்களா டாக்டர்?" என்று பிரித்துக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. பெயர்களும் ஏமாற்றும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு, அவசரத்தில் மெட் என்று ஆரம்பிக்கிற வெள்ளை மாத்திரை என்று கை எடுத்துவிடும். எங்கள் அலமாரியில் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

நேரம் என்றால் கடிகாரம் மட்டும் இல்லை

சத்து மாத்திரை ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடி முழுகாது. சிலது அப்படி இல்லை. தைராய்டு மாத்திரை விடிகாலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியமும் இரும்பு மாத்திரையும் அதற்கு நாலு மணி நேரம் தள்ளித்தான். எலும்புக்கு வாரம் ஒரு தடவை கொடுக்கிற அலென்ட்ரோனேட் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். படுக்கையோடு கிடக்கிறவருக்கு இதை எழுதியிருந்தால், கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

மூன்றாவது பழனிச்சாமி ஐயாவுக்கு நடுக்குவாதம் என்றேனே, அவருக்கு லெவோடோபா. அது அரை மணி நேரம் தள்ளிப்போனாலே அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, தாமதம் கூடினால் கட்டிலிலிருந்து எழவே முடியாது. கொள்ளுப்பருப்பும் பாலும் நிறையச் சேர்த்துக்கொண்டு சாப்பிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்துவிடுவோம். மற்ற எல்லாருக்கும் ட்ரே சுற்றுகிற நேரம் வேறு, அவருக்கு என்று போனில் தனி அலாரம்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது மீத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் கொடுப்பது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்! தினம் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, ஆளையே கொன்றுவிடும். உலகத்தில் பல நாட்டில் இந்த ஒரே தவறால் உயிர் போயிருக்கிறது. நாங்கள் அந்த மாத்திரையை மற்றவற்றோடு வைப்பதே இல்லை, தனி டப்பா, மேலே சிவப்பு மையில் "புதன் மட்டும்". டிஜாக்சினை நம் பக்கத்தில் சில டாக்டர்கள் வாரத்தில் ஐந்து நாள் என்று எழுதுவார்கள், அதையும் நாள் போட்டே எழுதி வைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் நாடி பார்த்து 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பொடி செய்யலாமா?

விழுங்க முடியவில்லை என்றால் உடனே அம்மியையோ இடிகல்லையோ தேடக்கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்காகச் செய்த மாத்திரை. பொடி செய்தால் முழு நாள் மருந்தும் ஒரே மூச்சில் இறங்கும். பேன்டோபிரசோல் மாதிரி மேலே பூச்சுப் பூசியது வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போவதற்கு. உடைத்தால் வயிற்றிலேயே வீணாகிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டைத் தண்ணீர் ஊற்றி விழுங்க வைத்தால் வேலை செய்ய நேரமாகும், அந்த நேரம் அவருக்கு இல்லை. விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அதே மருந்து நீராகக் கிடைக்குமா, கரைகிற மாத்திரையாக இருக்கிறதா என்று டாக்டரிடமோ மெடிக்கலில் இருக்கிற பார்மசிஸ்டிடமோ கேட்டால் பெரும்பாலும் ஒரு வழி சொல்வார்கள். பக்கவாதம் வந்தவரைப் படுக்க வைத்து மாத்திரை போடவே கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

ராகிக் களியில் பொதிந்து தெரியாமல் கொடுத்துவிடலாமே என்று பல வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். புத்தி தெளிவாக இருக்கிறவருக்கு அப்படிச் செய்வது ஏமாற்று. ஞாபகம் முற்றிலும் போனவருக்கு டாக்டரும் வீட்டாரும் பேசி முடிவெடுத்து, எழுதி வைத்துச் செய்வது வேறு. ஒரு தடவை சாப்பாட்டில் கசப்புத் தட்டிவிட்டால் அப்புறம் சாப்பாட்டையே தொட மாட்டார்கள், அதையும் யோசிக்க வேண்டும்.

இன்சுலின்

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே சிரிஞ்சிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது.

நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசியில் போடுகிற மருந்துக் குப்பி, அதாவது கார்ட்ரிட்ஜ், 100 யூனிட். சில வகை பாட்டில்களும் 100 யூனிட்டில் வருகின்றன. 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. கரண்ட் போன நேரத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். அவருக்கு 20 போட்டதாக நாம் எழுதி வைப்போம், சர்க்கரை 300-க்குக் கீழே வராது, டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வருவார்கள், அன்றைக்குத் தலை கிறுகிறுத்து விழுவார். தலைகீழாக நடந்தால் அன்றைக்கே ஆபத்து. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அது 50 யூனிட். பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். வெளியூரிலிருந்து மகனோ மகளோ அன்பாக ஒரு டஜன் சிரிஞ்சு வாங்கி வந்தால் மூடியின் நிறத்தையும் பாட்டிலில் உள்ள எண்ணையும் பொருத்திப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் இழுத்ததை இன்னொருவர் பார்த்து "இருபதுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே ஊசி.

இரண்டாவது, ஊசி போடுவதற்கு முன்னால் சமையலறையை எட்டிப் பாருங்கள். உண்மையாகவே போய்ப் பாருங்கள். ஒரு நாள் சமையலம்மா வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, மாவு அரைக்கவில்லை, இட்லி எட்டரை மணிக்குத்தான். நாங்கள் ஏழரைக்கே ஐந்து பேருக்கு ஊசி போட்டுவிட்டோம். பிஸ்கட், வாழைப்பழம், சர்க்கரை போட்ட பால் என்று கிடைத்ததையெல்லாம் கொடுத்துச் சமாளித்தோம். விரதம் இன்னொரு கண்ணி. கிருத்திகை, சஷ்டி வந்தால் எங்கள் ஆத்தாக்கள் பாதிப் பேர் ஒருபொழுது இருப்பார்கள், கேட்டால் "சாப்பிட்டாச்சுங் சாமி" என்பார்கள், முருகனுக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் யார். அதனால் மாசா மாசம் காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, அன்றைய அளவை எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். முழுங்கத் தெரியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

திறக்காத இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசருக்கு ஒட்டி வைக்கக்கூடாது, உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த பாட்டில் மேல் திறந்த தேதியை எழுதி, பொதுவாக 28 நாளில் முடித்துவிட வேண்டும். கண் சொட்டு மருந்தும் திறந்தால் ஒரு மாசம்தான்.

சுருக்குப்பையில் பதினாலு மாத்திரை

வேலாத்தா என்று ஓர் அம்முச்சி. தினம் மாத்திரையை வாங்கி வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், எங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் சேலை மாற்றும்போது இடுப்பிலிருந்த சுருக்குப்பை கீழே விழுந்தது. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, அதோடு காய்ந்துபோன பதினாலு வெள்ளை மாத்திரை. எல்லாம் ஒரே மாத்திரை, நீர் பிரிவதற்கான ஃப்ரூசிமைடு. மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிட்டு இதை மட்டும் கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறார்.

கோபப்படாமல் கேட்டபோது சொன்னார்: "அதைத் தின்னா ராத்திரியெல்லாம் ஒண்ணுக்குப் போகோணும் கண்ணு. கக்கூசு அந்தக் கோடியில இருக்குது. நான் உளுந்து காலை ஒடிச்சுக்கவா?" அவர் கேட்டது நியாயம். மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. டாக்டர் காலை வேளைக்கு மாற்றினார், கட்டிலைக் கக்கூசுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அப்புறம் ஒழுங்காகச் சாப்பிட்டார், கால் வீக்கமும் வற்றியது. ஒருவர் மாத்திரை வேண்டாம் என்றால் அவர் கையில் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டு எழுதி வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து காட்டச் சொல்வதும் வேண்டும்தான். கிண்ணத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு "அப்புறம் போட்டுக்கோங்க" என்று போவது மட்டும் கூடவே கூடாது.

எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாக. விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சார்ட்டில் கையெழுத்து. வேலை மிச்சம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் டிக் போட்டு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சார்ட்டும் வெறும் காகிதமும் ஒன்று. எடுத்தவர்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். காலை டியூட்டிக்காரி கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்துவிட்டால், மதியம் டியூட்டி மாற்றிக்கொள்ள வந்தவள் மறுபடி கொடுத்துவிடுவாள். கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போனைப் போட்டு அவளைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள், சும்மா ஒன்று சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் வரிசை இதுதான்: முதலில் அந்த ஆளைப் பார், நாடி, பிரஷர், சர்க்கரை, நினைவு. உடனே டாக்டர். வாந்தி எடுக்க வைக்காதே. எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுது. வீட்டாரிடம் சொல். மறைத்தவரைத்தான் வேலையை விட்டு அனுப்ப வேண்டும், சொன்னவரை இல்லை. இதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்தான் பிள்ளைகள் பயமில்லாமல் வந்து சொல்வார்கள்.

வீட்டாருக்குச் சில விசயம்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற நாள், முதல் நாளைப் போலவே ஆபத்தான நாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் புதுசாக நாலு மாத்திரை இருக்கும், பழைய ஆறில் எது தொடர வேண்டும் என்று அதில் இருக்காது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பழைய பட்டியலை நீட்டி, "இதுல எது வேணுங், எது வேண்டாங்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாத்திரைகளின் எண்ணிக்கையும் அப்படியே ஏறிக்கொண்டு போகக்கூடாது. அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991-இல், இல்லங்களில் இருக்கிற முதியவர்களுக்கு எந்தெந்த மருந்து பொதுவாக ஆகாது என்று ஒரு பட்டியல் போட்டார். அது இன்றும் பியர்ஸ் பட்டியல் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது, 2023-இலும் ஒரு தடவை. அதில் நாம் சாதாரணமாக நினைக்கிற மருந்துகளும் இருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற குளோர்பெனிரமின் வகை மாத்திரைகள் வயதானவரைக் குழப்பத்தில் தள்ளும், சிறுநீரைக் கட்டும். பிள்ளைகள் "அம்மாவுக்கு புத்தி பிசகிடுச்சு" என்று பதறிக்கொண்டு வருவார்கள், பார்த்தால் மூன்று நாளாகச் சளி மாத்திரை. தூக்க மாத்திரைகள் விழ வைக்கும், வலி மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழுப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டி, "இதுல எதையாவது நிறுத்தலாங்களா?" என்று கேட்பது நல்ல பழக்கம். தானாக நிறுத்துவது வேறு, அது வேண்டாம்.

பார்க்க வருகிறபோது கொண்டு வருகிறதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு குலை இளநீரோடுதான் வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னி உள்ளவருக்கு ஒன்று இரண்டு ஒன்றும் செய்யாது. கிட்னி பழுதானவர், அதிலும் பிரஷருக்கு டெல்மிசார்டனோ, நீர் பிரிய ஸ்பைரனோலாக்டோனோ சாப்பிடுகிறவர், தினம் இரண்டு குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும்.

இன்னொன்று, இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஒருவர் காலமான பிறகு அவர் மாத்திரைகளை வீட்டார் எங்களிடமே விட்டுவிட்டு, "யாராச்சும் இல்லாதவங்களுக்குக் குடுத்துருங், புண்ணியமாப் போகும்" என்பார்கள். மனசு புரிகிறது, சில அட்டை ஐநூறு அறுநூறு ரூபாய்கூட இருக்கும். ஆனால் ஒருவர் பெயருக்கு வாங்கி, எந்த வெயிலில் எத்தனை நாள் இருந்தது என்று தெரியாத மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 2016-ஆம் வருச மருத்துவக் கழிவு விதிகளின்படி அது கழிவுக்கு என்று இருக்கிற மஞ்சள் பையில் போக வேண்டியது. அலமாரியில் அவர் பெயர் போட்ட டப்பாவை எடுத்து, எத்தனை மாத்திரை என்று எண்ணி, ஏட்டில் எழுதி, நானும் இன்னொரு நர்சும் கையெழுத்துப் போட்டு, கட்டி அனுப்பிவிடுவோம். தாராபுரத்துப் பழனிச்சாமி அப்பாரு போன தை மாசம் போனார். அவர் டப்பாவில் 43 இருந்தது.